வாசகர் கேள்வி–பதில்: பழைய மோட்டார் சைக்கிளில் இருக்கும் அலாரத்தைக் கழற்றுவது எப்படி?

கேள்வி: ஏழு மாதங்களுக்கு முன் கண்டியில் ஒருவரிடமிருந்து 150 சிசி மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். முன்னைய உரிமையாளர் வெளியில் வாங்கிப் பூட்டிய அலாரம் ஒன்று அதில் இருக்கிறது. தகரக் கூரையில் மழை பலமாக விழுந்தாலும், கொழுந்து லொறி பக்கத்தில் போனாலும் அது அலறுகிறது. இரவில் லயம் முழுவதும் விழித்துக்கொள்கிறது. விடியற்காலையில் மலைக்குப் போக வேண்டிய அம்மாமாரின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தீபாவளிக்கு ஒரு வாரம் ஊரில் இல்லாமல் திரும்பி வந்தபோது பற்றரி முற்றாக இறங்கியிருந்தது. கடந்த மாதம் வேலைக்குப் போகும் வழியில், நானுஓயா ரதல்ல குறுக்கு வீதி ஏற்றத்தில் எஞ்சின் இரண்டு தடவை தானாகவே நின்றது. ரிமோட்டை அழுத்திய பிறகுதான் மீண்டும் ஸ்டார்ட் ஆனது. பெட்டிக்குப் போகும் வயர்களை எல்லாம் குறட்டால் வெட்டிவிட்டால் போதும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா, ஐயா?
– தலவாக்கலைக்கு அருகிலுள்ள தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகர்

பதில்: வெட்ட வேண்டாம், தம்பி. அலாரத்தைக் கழற்றுவது சரியான முடிவுதான். ஆனால் கழற்றுவது வேறு, வெட்டுவது வேறு. உங்கள் நண்பர் சொன்னபடி செய்தால் அலறல் நிற்கும், அதோடு மோட்டார் சைக்கிளும் நின்றுவிடும். குறட்டால் வெட்டிய பத்துப் பன்னிரண்டு வயர் முனைகள் இருக்கைக்குக் கீழே தொங்க, எது எதோடு சேர்ந்திருந்தது என்று எவருக்கும் தெரியாத நிலையில், சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்த வண்டிகளை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒரு மணித்தியாலத்தில் முடிந்திருக்கக்கூடிய வேலை அப்போது ஒரு முழு நாளைத் தின்றுவிடும்.

ஏன் அப்படி நிற்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். வெளியில் வாங்கிப் பூட்டும் அலாரத்தின் வயர்களில் பெரும்பாலானவை வண்டியின் வயர்களை வெறுமனே தொட்டுக்கொண்டு இருப்பவை. பற்றரியிலிருந்து மின்சாரம் எடுப்பது ஒன்று, பற்றரியின் மைனஸோடு சேரும் எர்த் ஒன்று, சாவி போட்டிருக்கிறதா என்று அறிவது ஒன்று, இரண்டு பக்க சிக்னல் விளக்குகளையும் மினுக்குவதற்கு இரண்டு, சைரனுக்குப் போவது ஒன்று அல்லது இரண்டு. இவற்றை நீக்குவதால் வண்டியின் ஓட்டத்துக்கு எந்தக் கெடுதலும் இல்லை. ஆனால் திருடன் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் தடுப்பதற்கென்று இன்னும் ஓர் இணைப்பு இருக்கும். பல வண்டிகளில் அதைப் பூட்டியவர், இக்னிஷன் சுவிட்சிலிருந்து வரும் அசல் வயரை நடுவில் வெட்டி, அந்த இரண்டு முனைகளையும் அலாரப் பெட்டிக்குள் இருக்கும் ரிலே எனப்படும் மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சின் இரண்டு கால்களுக்குக் கொண்டுபோயிருப்பார். அதாவது எஞ்சினுக்குப் போகும் மின்சாரம் முழுவதும் பெட்டிக்குள் நுழைந்து வெளியே வந்துதான் போகிறது. பெட்டியை எடுத்துவிட்டால் அந்த வழியில் பாலம் உடைந்ததுபோல ஓர் இடைவெளி மிஞ்சும். அந்த இரண்டு முனைகளையும் கண்டுபிடித்து மறுபடி ஒன்றாக்குவதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. மற்றவை எல்லாம் சுத்தப்படுத்துவதுதான்.

எஞ்சினைத் தடுப்பதற்கு இன்னொரு முறையும் உண்டு. பற்றரியை நம்பாமல் காந்தச் சில்லிலிருந்தே தீப்பொறிக்கு மின்சாரம் எடுக்கும் பழைய 100 சிசி வண்டிகள் நம் தோட்டங்களில் இன்னும் நிறைய ஓடுகின்றன. அவற்றில் தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் சி.டி.ஐ. பெட்டியிலிருந்து சாவிக்கு வரும் வயர் ஒன்று எர்த்தைத் தொட்டால் எஞ்சின் நிற்கும், தொடாவிட்டால் ஓடும். அந்த வகை வண்டியில் அலாரம் எதையும் வெட்டத் தேவையில்லை. அந்த வயரின் உறையைச் சற்று உரித்து ஒரு கிளையைச் சுற்றி, வேண்டிய நேரத்தில் அதை எர்த்தோடு சேர்த்துவிடும். அங்கே கிளையை எடுத்து, உரித்த இடத்தை மூடினால் வேலை முடிந்தது. இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் வகைக்கு உரிய வைத்தியத்தை இரண்டாம் வகைக்குச் செய்து, அந்த வயரில் பற்றரியின் 12 வோல்ட்டை நேராகக் கொடுத்துவிட்டால், நல்ல சி.டி.ஐ. பெட்டி அந்தக் கணமே கெட்டுப்போகலாம். ஆகவே இணைப்பதற்கு முன், உங்கள் கையில் இருப்பது வெட்டப்பட்ட வயரா, உரிக்கப்பட்ட வயரா என்று கண்ணால் பாருங்கள். வெட்டப்பட்டிருந்தால் அசல் வயரின் ஒரே நிறமும் ஒரே கோடும் கொண்ட முனைகள் இரண்டு பக்கமும் இருக்கும். அலாரத்திலிருந்து வரும் மற்ற வயர்களைவிடச் சற்றுத் தடித்த இரண்டு வயர்கள் அவற்றோடு சேர்க்கப்பட்டிருக்கும். உங்களுடையது 150 சிசி வண்டி என்பதால் பெரும்பாலும் இந்த வெட்டிய வகையைத்தான் காண்பீர்கள்.

இப்போது, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு விடயத்துக்கு வருகிறேன். அலறலும் பற்றரியும் தொல்லைகள். ஏற்றத்தில் எஞ்சின் நின்றது ஆபத்து. மேலே சொன்ன அந்த ரிலே, பொட்டுப்போன்ற இரண்டு உலோகத் தொடுகைகள் ஒன்றையொன்று தொடுவதால் வேலை செய்வது. பல வருட அதிர்வும், பெட்டிக்குள் ஏறிய ஈரமும், எஞ்சின் சூடும் சேர்ந்து அந்தத் தொடுகையைக் கெடுத்துவிடும். வளைவான ஏற்றத்தில் இரண்டாம் கியரில் வண்டியைச் சாய்த்துக்கொண்டு ஏறும் நேரத்தில் அது ஒரு கணம் விலகினால், பின்சில்லு இழுப்பதை நிறுத்தும். பின்னால் பஸ் வந்துகொண்டிருக்கும். ரிமோட்டை அழுத்தியதும் ஸ்டார்ட் ஆனது என்பது, குற்றவாளி அந்தப் பெட்டிதான் என்று சந்தேகிக்கப் போதுமான சாட்சி. கழற்றி முடியும்வரை அந்த வண்டியில் ரதல்ல வீதிப் பக்கம் போகாதீர்கள் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். சில நாட்களுக்கு பஸ்ஸில் போய்வாருங்கள்.

பற்றரி இறங்கியதற்கான கணக்கைச் சொன்னால் உங்களுக்கே தெளிவாகும். சாவி எடுத்த பிறகும் அலாரம் விழித்திருந்து ரிமோட்டின் குரலுக்குக் காத்திருக்கிறது. அதற்குச் சிறிதளவு மின்சாரம் தேவை. அது 20 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர் மணியும் ஏழு நாட்களுக்கு 3.36 ஆம்பியர் மணியும் செலவாகும். புதிய 9 ஆம்பியர் மணி பற்றரி இதைத் தாங்கும். பழகிப் பாதியாகிப்போன பற்றரி தாங்காது. அதோடு நம் மலைநாட்டுக் குளிரில் எந்தப் பற்றரியின் வலுவும் குறையும். எஞ்சின் எண்ணெய் கெட்டியாகி ஸ்டார்ட்டருக்குச் சுமையும் கூடும். ஆகவே அலாரத்தை மட்டும் குறை சொல்ல வேண்டாம், பற்றரியையும் சோதித்துப் பாருங்கள். முழுதாகச் சார்ஜ் செய்து சில மணித்தியாலங்கள் சும்மா வைத்த பின், மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். 12 வோல்ட் அளவுக்கு இறங்கியிருந்தால் அதில் மிச்சம் ஒன்றும் இல்லை என்று கொள்ளலாம்.

வேலையைத் தொடங்கும் முன் பதிவுச் சான்றிதழை எடுத்து, அதிலுள்ள எஞ்சின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் வண்டியில் பொறித்திருப்பவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் மாற்றம் இன்னும் நடக்கவில்லை என்றால் அதை முதலில் முடியுங்கள். பழைய வண்டி வாங்கிய எவரிடமும் நான் இதைக் கேட்பது வழக்கம். நீங்கள் அலாரம் கழற்றிய வண்டியோடு நாளை ஒரு சோதனைச் சாவடியில் நிற்கும்போது அந்தப் பத்திரம்தான் உங்களுக்காகப் பேசும். முன்னைய உரிமையாளரின் தொலைபேசி இலக்கம் கையில் இருந்தால், அலாரத்தைப் பூட்டிய பட்டறை எது, இரண்டாவது ரிமோட் எங்கே, வந்த பெட்டியோடு வயர் படம் ஏதும் இருந்ததா என்று கேளுங்கள். அந்த ஒரு தாள் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மழையில்லாத நாளில், வெளிச்சம் உள்ள இடத்தில், நடு ஸ்டாண்டில் நிறுத்திச் செய்யுங்கள். ரிமோட்டால் அலாரத்தை விடுவித்து, சாவியை எடுத்துவிட்டு, இருக்கையையும் பக்க மூடிகளையும் கழற்றுங்கள். எதையும் தொடும் முன் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். டேப்பை உரிக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் இன்னொரு படம். பிறகு பற்றரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றுங்கள். பிளஸ் முனையை முதலில் கழற்றப்போய் ஸ்பானர் வண்டியின் இரும்பில் பட்டால் பெரும் பொறி பறக்கும். மைனஸ் விலகிய பிறகு அந்தப் பயம் இல்லை. இந்த இடத்தில் சைரன் திடீரென்று அலறினால் திகைக்க வேண்டாம். சில சைரன்களுக்குள் தனியாக ஒரு சிறிய பற்றரி இருக்கிறது. மின்சாரம் அறுந்தால் திருடன் வந்துவிட்டான் என்று எண்ணி அலறும்படி அதைச் செய்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட சைரனின் உடலில் ஒரு சிறு சாவித் துவாரமோ, கழற்றக்கூடிய பிளக்கோ இருக்கும். பக்கத்து வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது.

அடுத்து அலாரப் பெட்டியிலிருந்து புறப்படும் வயர்க் கற்றையை, ஒவ்வொரு வயராக, அது போய்ச் சேரும் இடம்வரை விரலால் தொடர்ந்து போங்கள். பொறுமை தேவைப்படுவது இங்கேதான். கறுப்பு டேப்பால் சுற்றியிருக்கும் இடம் எல்லாம் யாரோ கை வைத்த இடம். நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு ஓர் உதாரணம் போதும்: ஹொண்டா வண்டிகளில் கறுப்பு வயர் என்றால் சாவி போட்டதும் 12 வோல்ட் வரும் வயர், எர்த் பச்சை நிறம்; யமஹா வண்டிகளில் கறுப்பே எர்த், சாவியிலிருந்து வரும் மின்சாரத்துக்குப் பழுப்பு நிறம். ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் அதே எண்ணத்தோடு இரண்டு கறுப்பு வயர்களைச் சேர்த்தால் பியூஸ் போகும், அதோடு போனால் அதிர்ஷ்டம். அலாரத்தின் வயர் நிறங்களோ ஒவ்வொரு தயாரிப்பிலும் ஒவ்வொரு விதம். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, இந்த முனையும் அந்த முனையும் ஒரே வயர்தானா என்று கேட்டுக்கேட்டுப் போங்கள்.

தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் வயர்களை ஒவ்வொன்றாக, அவை சேரும் இடத்திலேயே விடுவியுங்கள். நடுவில் வெட்டி, வால்போல ஒரு துண்டை வண்டியின் வயரில் விட்டுவைக்காதீர்கள். பற்றரியோடு தொடர்புள்ள வால் ஒன்று எங்காவது இரும்பில் உரசித் தேய்ந்தால், இருக்கைக்கு அடியில், எரிபொருள் தாங்கிக்குப் பக்கத்தில் தீ பிடிக்கும். எஞ்சினைத் தடுக்கும் அந்த இரண்டு தடித்த வயர்களை மட்டும் கடைசிவரை தொடாமல் வையுங்கள். எல்லாம் விடுபட்டபின் அவற்றை எடுத்து, அசல் வயரின் இரண்டு முனைகளையும் தற்காலிகமாகச் சேர்த்து, பற்றரியின் பிளஸ்ஸை முதலிலும் மைனஸைப் பிறகும் பூட்டி, சாவி போட்டுப் பாருங்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆகி, சாவியைத் திருப்பியதும் நின்றால் நீங்கள் சேர்த்தது சரியான இரண்டு முனைகள். பிறகு மறுபடி மைனஸைக் கழற்றிவிட்டு நிரந்தரமாக இணையுங்கள்.

அந்த நிரந்தர இணைப்பைப் பற்றி நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். இரண்டு முனைகளையும் முறுக்கி டேப் சுற்றுவதோடு விட்டுவிடுவது வெயில் ஊரிலேயே கூடாத வேலை. தென்மேல் பருவ மழை மாதக்கணக்கில் விடாமல் பெய்யும் வட்டவளை, கினிகத்தேனை, மஸ்கெலியாப் பக்கங்களிலும், மூடுபனி பகலிலேயே இறங்கும் நானுஓயாவிலும் அப்படிச் செய்த இணைப்புக்குள் ஈரம் புகுந்து, செம்பு பச்சை பூத்து, இரண்டு வருடத்துக்குள் மறுபடி வளைவில் எஞ்சின் நிற்கும். அலாரத்தைப் பூட்டியவர் சேமித்த பத்து நிமிடத்துக்குத்தானே நீங்கள் இன்று விலை கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்! வயரைக் கத்தியால் கீறி உள்ளே ஊசிபோலக் குத்திப் பிடிக்கும் நீலப் பிளாஸ்டிக் கிளிப்புகளையும் எடுத்து எறிந்துவிடுங்கள். அவை பிடித்திருந்த இடத்தில் செம்பு இழைகள் பாதி அறுந்திருக்கும். செம்பு பச்சையாகவோ கறுப்பாகவோ மாறியிருந்தால், பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டு, நீளம் போதாவிட்டால் அதே தடிப்புள்ள புதிய வயர்த் துண்டு ஒன்றைச் சேர்த்து, ஈயப்பற்று வைத்து, சூடாக்கினால் சுருங்கும் குழாயை அதன்மேல் ஏற்றுங்கள். உட்புறம் பசை பூசிய குழாய் கிடைத்தால் தண்ணீர் நுழையவே முடியாது. குழாயை இணைப்பதற்கு முன்பே வயரில் கோர்த்துவைக்க மறக்காதீர்கள். ஈயம் பிடித்த இடம் விறைப்பாக இருப்பதால் அதிர்வில் அதன் ஓரத்தில் உடையக்கூடும். எனவே இணைப்பை அந்தரத்தில் தொங்கவிடாமல் பக்கத்து வயர்களோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

உரித்த இடங்களையும் அதேபோல மூடிய பிறகு பிரதான பியூஸைப் பாருங்கள். அலாரம் பூட்டிய காலத்தில் பியூஸ் அடிக்கடி போய், எவராவது அதிக ஆம்பியர் பியூஸையோ வெறும் செம்புக் கம்பியையோ வைத்திருப்பது உண்டு. பியூஸ் பெட்டியின் மூடியில் எழுதியிருக்கும் ஆம்பியர் அளவு எதுவோ அதையே போடுங்கள்.

உங்கள் அலாரத்தில் ரிமோட்டாலேயே எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும் வசதி இருந்தால் ஸ்டார்ட்டர் ரிலேக்கும் ஒரு வயர் போயிருக்கும். அதையும் தவறாமல் நீக்குங்கள். நாம் சரிவில் வண்டியை நிறுத்தும்போது அது உருளாமல் இருக்க முதலாம் கியரில் போட்டுவிட்டுப் போகிறவர்கள். கிளச்சைப் பிடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்ற பாதுகாப்பை இந்த வயர் தாண்டிச் செல்லும்படி பூட்டியிருந்தால், எவருடைய விரலாவது ரிமோட்டில் பட்டதும், கியரில் நிற்கும் வண்டி ஆள் இல்லாமலே முன்னால் பாயும். லயத்து வாசலில் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் அது நடப்பதை நினைத்துப் பார்க்கவே மனம் ஒப்பவில்லை. கழற்றி முடிந்ததும் வண்டியைக் கியரில் வைத்து, கிளச்சைப் பிடிக்காமல் ஸ்டார்ட்டர் பொத்தானை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள்; முன்னால் வெட்ட வெளியாகவும் பிரேக் உங்கள் கையிலும் இருக்க வேண்டும். அந்தப் பாதுகாப்பு உள்ள வண்டியென்றால் ஸ்டார்ட்டர் சுற்றக் கூடாது. சுற்றினால் கிளச் சுவிட்சின் இரண்டு வயர்களையும் எவரோ ஒன்றாக முடிந்துவிட்டார் என்று அர்த்தம். அதையும் பிரித்துச் சரிசெய்ய வேண்டும்.

கடைசிச் சோதனை ஒன்று இருக்கிறது. சாவியை எடுத்துவிட்டு, பற்றரியின் மைனஸ் முனையைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, அந்த முனைக்கும் பற்றரிக்கும் நடுவில் சேருங்கள். அந்த நேரத்தில் சாவியையோ ஸ்டார்ட்டரையோ தொடாதீர்கள், மீட்டர் எரிந்துவிடும். வேகத்தை முள்ளால் காட்டும் பழைய வண்டியில் மல்டிமீட்டர் பூச்சியம் காட்ட வேண்டும்; மணிக்கூட்டோடு டிஜிட்டல் வேகமீட்டர் உள்ள வண்டி என்றால் மிகச் சிறு அளவு காட்டலாம். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, சற்று முறுக்கிப் பிடித்தபடி பற்றரியின் வோல்ட்டைப் பாருங்கள்: 13.5க்கும் 14.5க்கும் இடையில் இருந்தால் சார்ஜ் ஒழுங்காக ஏறுகிறது. இதற்குப் பிறகும் ஏற்றத்தில் எஞ்சின் நின்றால், அலாரத்தை விட்டுவிட்டு இக்னிஷன் சுவிட்சின் தொடுகையையும், பற்றரி முனைகளின் இறுக்கத்தையும், சைட் ஸ்டாண்ட் சுவிட்ச் இருந்தால் அதையும் தேடுங்கள்.

ஈயப்பற்று வைத்துப் பழக்கமில்லாவிட்டாலோ, உங்கள் வண்டி எரிபொருளைக் கணினிப் பெட்டி மூலம் உட்செலுத்தும் புதிய வகையாக இருந்தாலோ, வயரிங் வேலை மட்டும் செய்யும் ஒருவரிடம் கொண்டுபோங்கள். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் அப்படிப்பட்ட கைகள் உண்டு. ஆனால் அவரிடம் ‘அலாரத்தைக் கழற்றுங்கள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘வயரிங் பழையபடி வர வேண்டும், முறுக்கிச் சுற்றிய இணைப்பு ஒன்றும் இருக்கக் கூடாது’ என்று சொல்லுங்கள். மூடிகளைப் பூட்டும் முன் நீங்களே ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: எனது அலாரத்தின் ஒரே ரிமோட் தொலைந்துவிட்டது. இப்போது சாவி போட்டாலும் அலறுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. வண்டி வீட்டுக்குக் கீழே வீதியோரத்தில் நிற்கிறது. என்ன செய்வது?
– ஹப்புத்தளையிலிருந்து ஒரு வாசகி

பதில்: அலாரத்தின் மின்சார வயர் பற்றரியின் பிளஸ் முனையில் தனியாகப் பூட்டப்பட்டு, அதில் சிறிய பியூஸ் கூடு ஒன்று இருக்கும். அந்தப் பியூஸை எடுங்கள். தனிப் பற்றரி இல்லாத சைரன் என்றால் அப்போதே அடங்கும். ரிலே மின்சாரம் இல்லாதபோது சேர்ந்தே நிற்கும் வகையாக இருந்தால் எஞ்சினும் ஸ்டார்ட் ஆகிவிடும். நீங்கள் மெதுவாக வீட்டுக்கோ பட்டறைக்கோ ஓட்டிப் போகலாம். மின்சாரம் இருந்தால்தான் சேரும் வகையாக இருந்தால் ஸ்டார்ட் ஆகாது. அப்போது வண்டியை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டுபோய், முதற் பதிலில் சொன்னபடி இரண்டு முனைகளையும் தேடுங்கள். பியூஸை எடுக்கும்போது பெட்டியின் பிளக்கை இழுத்துவிடாதீர்கள். பிளக்கை இழுத்தால் இரண்டு வகையிலும் எஞ்சினுக்குப் போகும் வழி அறுந்துவிடும். பலர் குழம்புவது இந்த இடத்தில்தான். கழற்றும் எண்ணம் இல்லாவிட்டால், அதே தயாரிப்பில் புதிய ரிமோட் வாங்கி அந்தப் பெட்டிக்குப் பழக்கிக்கொள்ளவும் முடியும். ஆனால் பழைய ரிமோட் யார் கையில் இருக்கிறது என்று தெரியாத நிலையில், கழற்றுவதே மேல் என்பது என் எண்ணம். விற்றவர் அலாரத்தோடு வண்டியைக் கொடுத்துவிட்டு, இன்னொரு ரிமோட்டைத் தன் மேசை இழுப்பறையிலேயே விட்டுவைத்திருப்பதும் நடக்கிற விடயம்தான்.

கேள்வி: பட்டறையில் அலாரத்தைக் கழற்றிய பிறகு, இடது சிக்னல் போட்டால் வலது விளக்கும் சேர்ந்து மினுங்குகிறது. பல்ப் மாற்றியும் சரிவரவில்லை.
– மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: பல்ப்பில் பிழை இல்லை. அலாரம் இரண்டு பக்க விளக்குகளையும் ஒன்றாக மினுக்குவதற்காக இடது வயரில் ஒன்றும் வலது வயரில் ஒன்றுமாக இரண்டு கிளைகளை எடுத்திருந்தது. பெட்டியை எடுத்தவர் அந்த இரண்டு கிளைகளையும் சேர்த்து முறுக்கி ஒரே டேப்பால் சுற்றிவிட்டார். இப்போது இடப்பக்கத்து மின்சாரம் அந்த முறுக்கின் வழியாக வலப்பக்கத்துக்கும் போகிறது. இரண்டையும் பிரித்து, அவை தொடங்கும் இடத்திலேயே நீக்கி, தனித்தனியாக மூடச் சொல்லுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். மூடுபனியில் உங்களுக்கு எதிரே இறங்கி வரும் லொறிச் சாரதிக்கு உங்கள் விளக்கைத் தவிர வேறு செய்தி இல்லை. இரண்டு பக்கமும் மினுங்கினால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று அவர் அறியமாட்டார்.

கேள்வி: அலாரத்தைக் கழற்றிவிட்டால் திருட்டுக்கு என்ன பாதுகாப்பு? வேறு நல்ல அலாரம் பூட்டலாமா?
– இராகலையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: பூட்டலாம், உங்கள் வண்டியின் பிளக்குகளுக்கு அப்படியே பொருந்தும் கற்றையோடு வருவதாகவும், ஒரு வயரையும் வெட்டாமல் பூட்டக்கூடியதாகவும் இருந்தால். அதிர்வை உணரும் திறனைக் குறைப்பதற்கு ஸ்க்ரூ அல்லது ரிமோட் வசதி இருக்கிறதா என்றும் வாங்கும்போதே கேளுங்கள். இங்குள்ள மழைக்கும் காற்றுக்கும் ஆகக்குறைந்த நிலையில் வைப்பதே பொருத்தம். ஆனால் என்னைக் கேட்டால், அந்தப் பணத்துக்குத் தடித்த சங்கிலிப் பூட்டு ஒன்றை வாங்கி, பின்சில்லையும் செசியையும் சுற்றி, வாசல் தூண் போன்ற அசையாத ஒன்றோடு சேர்த்துப் பூட்டச் சொல்வேன். இரவில் விழித்து அலறும் பெட்டியைக் கேட்டுப் பழகிய அயலவர்கள், நான்காவது தடவை எழுந்து பார்ப்பதில்லை. சங்கிலி எவரையும் எழுப்பாது, பற்றரியையும் தின்னாது. கடைத்தெருவில் கொஞ்ச நேரம் நிறுத்தும்போது முன் பிரேக் தட்டில் போடும் சிறிய பூட்டு போதும். ஆனால் பூட்டியதை மறந்து சரிவில் வண்டியை எடுப்பவர்கள் விழுந்து காயப்படுகிறார்கள். அதனால் அந்தப் பூட்டிலிருந்து ஹேண்டில்வரை நல்ல நிறமுள்ள கயிறு ஒன்றைக் கட்டி, கை வைக்கும் இடத்தில் கண்ணுக்குப் படும்படி வையுங்கள்.